ஜமீலாவுக்கு எழுதாத வாழ்த்து

சென்ற மாதம் எழுத ஆசைப்படும் நீங்கள் நான்கு பேர் எர்ணாகுளத்திலிருந்து படகேறி என்னைப் பார்க்க வந்தீர்கள். சாயா குடித்தீர்கள். என் புத்தக அலமாரியை மரியாதையோடு பார்த்தீர்கள். பிறகு உங்களில் கண்ணாடி போட்ட பெண் கேட்டாள்: "ஐயா, தினமும் எழுதணும்னு உங்களுக்கு எங்கிருந்து தோணும்?" நான் வாசிப்பு, அனுபவம், உழைப்பு என்று மேடையில் சொல்கிற மூன்று சொற்களைச் சொல்லி உங்களைப் படகுக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டீர்கள். தயவுசெய்து அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுங்கள்.

நீங்கள் போன பிறகு அந்தக் கேள்வி என்னைச் சும்மா விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இது நான் செய்த ஒரு தப்பைப் பற்றியது. இத்தனை வருடம் எழுதியவனிடம் சொல்வதற்கு ஒரு வெற்றிக் கதைகூடவா இல்லை என்று நினைப்பீர்கள். இரண்டு மூன்று இருக்கின்றன. அவற்றால் உங்களுக்குக் காலணா பிரயோசனம் இல்லை.

நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். எழுபதுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளத்துக்கு அக்கரையான இந்த மட்டாஞ்சேரிக்கு வந்தேன். இங்கே ஓர் அச்சகத்தில் தமிழ் அச்சுக் கோக்க ஆள் தேவைப்பட்டது. முதலாளி மலையாளி. பஜாரில் மிளகாய், வெங்காயம், மளிகை என்று வியாபாரம் செய்கிற தமிழ்க் குடும்பங்களின் கல்யாணப் பத்திரிகைகளை நம்பி அவர் ஒரு செட் தமிழ் எழுத்து வாங்கிப் போட்டிருந்தார். அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரிந்தவன் அந்தக் கட்டடத்தில் நான் ஒருவன்தான். நானே கோத்து, நானே பிழை பார்த்து, நானே திருத்துவேன். நான் செய்வது சரியா என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது. இப்படி ஒரு சுதந்திரம் எந்த எழுத்தாளனுக்கும் கிடைக்கக் கூடாது.

அச்சகத்துக்கு மேலேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். காலையில் வேலை தொடங்கும் முன் இரண்டு மணி நேரம் கதை எழுதுவேன். சென்னைப் பத்திரிகைகளுக்கு அனுப்புவேன். பத்தில் ஒன்று வெளியாகும். வெளியானால் அதைத் தூக்கிக்கொண்டு தெருவெல்லாம் போவேன். தமிழ் வீடுகளில் பெரியவர்கள் தமிழ் பேசினார்கள்; பிள்ளைகள் பள்ளியில் மலையாளம் படித்தார்கள். பத்திரிகையை வாங்கி, படத்தைப் பார்த்து, "நன்னாயிட்டுண்டு" என்று திருப்பிக் கொடுப்பார்கள். அறைக்கு வந்து என் கதையை நானே சத்தமாக ஒரு முறை படிப்பேன். யாராவது கேட்டிருந்தால் எனக்குத் தனிமை என்று அன்று சொல்லியிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது என்றுதான் சொல்லியிருப்பேன்.

உங்களைப் போலவே நானும் எழுதத் தூண்டுதல் எங்கிருந்து வரும் என்று தேடியிருக்கிறேன். எழுத்தாளன் விடியற்காலையில் இயற்கைக்கு முன்னால் போய் உட்கார வேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் படகுத்துறைக்குப் போய் உட்கார்ந்தேன். வெயில் பட்ட காயல், மழை பெய்த காயல், தோணி போகிற காயல், தோணி போகாத காயல் என்று ஒரு நோட்டு நிரம்பியது. எங்கள் அச்சகத்தில் மலையாளம் கோக்கிற மூத்தவர் ஒருவர் அந்த வழியாகத்தான் வேலைக்கு வருவார். ஒரு நாள் நின்று, "எந்தா எழுதுன்னே?" என்று கேட்டார். இந்தத் தண்ணீரைப் பற்றி என்றேன். அவர் தண்ணீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "வெள்ளம் இது வாயிக்குமோ?" என்றார். தண்ணீர் இதைப் படிக்குமா என்று அர்த்தம். இலக்கியம் தெரியாத மனுஷன் என்று அவரை அப்போதே ஒதுக்கிவிட்டேன். ஆனால் அடுத்த நாள் படகுத்துறைக்குப் போகக் கால் வரவில்லை.

இனி, வாழ்த்து மடல். உங்களில் சிலர் பார்த்திருக்க மாட்டீர்கள். கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தி பன்னிரண்டு பதினாறு வரி எழுதி, ரோஸ் நிறத் தாளில் பூ பார்டர் போட்டு அச்சடித்து, பந்தலில் மைக் வைத்து வாசிப்பார்கள். வந்தவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுப்பார்கள். ஒரு பிரதியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு முன்னறைச் சுவரில் மாட்டுவார்கள். அது ஆயுசுக்கும் அங்கேயே தொங்கும். பத்திரிகை அடிக்க வருகிறவர்கள் காய்கறி வாங்கிவிட்டுக் கறிவேப்பிலை கேட்பது போல, "அப்படியே ஒரு வாழ்த்தும் எழுதிக் குடுத்திருங்க" என்பார்கள். எழுதுவேன். நிலவு, தென்றல், தேன், பால், ஆல், அருகு. எனக்கு அந்த வேலையில் துளியும் மதிப்பில்லை. நான் கதாசிரியன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன்.

மிளகாய் பாய் என்று ஊரே கூப்பிட்ட ஒரு ராவுத்தர் எங்கள் வாடிக்கைக்காரர். பஜார் ரோட்டில் வற்றல் மிளகாய் மண்டி வைத்திருந்தார். முப்பது வருடம் மிளகாய்த் தூசியில் நின்றதில் அவருக்கு ஓயாத இருமல். இருமல் முதலில் வரும், அவர் பின்னால் வருவார். தென்காசியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர் என்பதால் தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருடைய மூத்த மகள் மைமூனாவுக்குக் கல்யாணம் என்று வந்தபோது, பெண்ணைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் பாய் என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல தம்பி? நல்ல மோளு. தெருமுக்குல நான் இருமுறது கேட்டா மதி, அது போதும், செம்புல தண்ணி எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நிப்பா. நான் ஒரு நாளும் கேட்டதில்ல." ஓர் இருமல் இருமிவிட்டுச் சொன்னார்: "நாளைக்கு அந்தத் தண்ணி வேற வீட்டுல."

அன்று மாலையே எழுதினேன். நிலவும் தென்றலும் பக்கத்தில்கூட வரவில்லை.

"தெருமுனை இருமல் வாசலை எட்டுமுன்
செம்பில் நீரோடு நிற்பாள் மைமூனா.
கேளாமல் கொடுத்துப் பழகிய கை இது மாப்பிள்ளையே,
கேட்க வைக்காமல் வைத்துக்கொள்."

இப்படித் தொடங்கும். கல்யாணத்தில் நானே மைக்கில் வாசித்தேன். பிரியாணி வாசனைக்கு அலை பாய்ந்துகொண்டிருந்த பந்தல் அப்படியே அடங்கியது. மிளகாய் பாய் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். என் கதை எதற்கும் அப்படி ஒரு அமைதி கிடைத்ததில்லை. எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தை வைத்து நான் என்ன செய்தேன் தெரியுமா? அச்சகத்தில் ஒரு பழக்கம் உண்டு. மறுபடி தேவைப்படும் என்று தோன்றினால், கோத்த ஈய எழுத்துகளைக் கலைக்காமல் நூலால் இறுக்கிக் கட்டி அப்படியே எடுத்து வைப்போம். மைமூனாவின் வாழ்த்தை அப்படிக் கட்டி வைத்தேன். அடுத்த கல்யாணத்துக்கு இருமல் வரிகளை மட்டும் உருவி எடுத்துவிட்டு, பொதுவாக நாலு வரி சேர்த்து, பெயரை மாற்றினால் தீர்ந்தது வேலை. உருவிய வரிகளை ஒரு காகிதத்தில் பொட்டலமாக மடித்துப் பக்கத்திலேயே வைத்திருந்தேன். நாலு வருடத்தில் மட்டாஞ்சேரியில் எத்தனையோ சுவர்களில் அந்த வாழ்த்து தொங்கியது. ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடிக்கப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமே.

எழுபதுகளின் கடைசியில் சென்னையிலிருந்து ஒரு வாரப் பத்திரிகை எனக்குக் கடிதம் போட்டது. இருபது நாளில் ஒரு குறுநாவல் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். நான் எட்டு வருடமாகக் காத்திருந்த கடிதம் அது. அதே வாரத்தில்தான் மிளகாய் பாய் இருமிக்கொண்டு வந்தார். இளைய மகள் ஜமீலாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருப்பவர்.

"தம்பி, இவளப் பத்தி ஒருபாடு சொல்லணும், நெறய இருக்கு. எப்ப வரட்டும்?"

"அப்புறம் பேசிக்கலாம் பாய்."

மூன்று முறை வந்தார். மூன்று முறையும், "உங்க வீடு எனக்குத் தெரியாதா பாய், நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது முறை உடனே போகவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நான் எழுதுவதையே அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று இருமலை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு எழுந்து போய்விட்டார். என் நாவலில் அப்போது ஒரு தகப்பன் பாத்திரம் வந்துகொண்டிருந்தது. அவன் என்ன பேசுவான் என்று தெரியாமல் நான் திணறிக்கொண்டிருந்தேன். ஒரு தகப்பன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மதியம்வரை வாழ்த்து எழுதவில்லை. நாவலுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருந்தது. கட்டி வைத்திருந்த எழுத்தை எடுத்தேன். பொதுவான வரிகளைக் கழற்றினேன். பொட்டலத்தைப் பிரித்து இருமல் வரிகளைப் பழைய இடத்திலேயே வைத்தேன். அதே வீடு, அதே தகப்பன், அதே இருமல். இதில் பொய் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். நியாயம் கற்பிப்பதில் எழுத்தாளனை மிஞ்ச ஆளில்லை, இதை உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். மைமூனா மூன்று எழுத்து, ஜமீலாவும் மூன்று எழுத்து. மாற்றுவதற்கு வசதியாகவே இருந்தது. இருபது நிமிடத்தில் வேலை முடிந்தது.

பாய் வந்தார். முதல் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் உதடு அசையப் படித்தார். மூன்றாவது நான்காவது வரியில் உதடு நின்றுவிட்டது. மேலே படித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தாளை நாலாக மடித்தார்.

"மைக்குல வாசிக்க வேண்டாம் தம்பி. நேரம் இருக்காது. எல்லாருக்கும் குடுக்கவும் வேண்டாம். கண்ணாடி போட ஒரே ஒரு காப்பி மதி."

"நல்லா இருக்கா பாய்?"

"அச்சு நல்லா இருக்கு," என்றார்.

எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஒரு பிரதி அடித்துக் கொடுத்துவிட்டு நாவலுக்குத் திரும்பினேன்.

நாவல் வெளிவந்தது. என் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. சென்னையிலிருந்து இரண்டு வாசகர் கடிதம் வந்தது. மட்டாஞ்சேரியில் அதைப் படித்தவர் எவருமில்லை. இன்று அதிலிருந்து ஒரு வரி சொல்லுங்கள் என்றால் எனக்கு வராது. அதைவிட மோசம், அது முடிந்த பிறகு எனக்கு எதுவுமே தோன்றவில்லை. காலையில் பேப்பரை விரித்து வைத்து உட்கார்ந்திருப்பேன். தெருவில் கைவண்டிகள் போகத் தொடங்கியதும் கீழே இறங்கி வேலைக்குப் போவேன். ஒரு வருடமா இரண்டு வருடமா என்று கணக்குக்கூட வைக்கவில்லை. யாராவது ஒருவர் "ஏன் இப்ப ஒண்ணும் எழுதுறதில்ல?" என்று கேட்டிருந்தால் அன்றே அழுதிருப்பேன். கேட்க யாருமில்லை.

அந்த நாட்களில் ஒரு வியாழக்கிழமை பாய் மண்டியின் லெட்டர்ஹெட் அடிக்க வந்தார். என் மேஜையில் கிடந்த வெள்ளைத் தாளைப் பார்த்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கட்டா? எளுதுறதுக்கு ஒண்ணும் தோணலேன்னா நீங்க என்ன செய்வீங்க?"

என் நிலைமையைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்து எரிச்சலாக வந்தது. "தோணுற வரைக்கும் காத்திருப்பேன் பாய்."

அவர் உண்மையிலேயே கவலையோடு என்னைப் பார்த்தார். "அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துருமே தம்பி."

ஜும்மாத் தொழுகை, மண்டி விடுமுறை, ஏதோ அவருடைய கவலை என்று விட்டுவிட்டேன். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் பாய் இறந்துபோனார். நெஞ்சுச் சளி என்றார்கள். இரங்கல் அறிவிப்பைக் கோத்தவன் நான்தான். பல நாள் தெருமுனையில் யாராவது இருமினால் தலை தானாக நிமிரும்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஒரு பெண் அச்சகத்துக்கு வந்தாள். துண்டில் சுற்றிய ஏதோ ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்திருந்தாள். பஸ் நெரிசலில் தலைமுக்காடு கசங்கியிருந்தது.

"அண்ணே, நான் மிளகாய் பாயோட எளைய மோளு. ஜமீலா." துண்டைப் பிரித்து என் மேஜையில் வைத்தாள். அந்தக் கண்ணாடிச் சட்டம். "இதுல அச்சுப் பிசகு இருக்கு."

என் வேலையில் பிசகா என்று எனக்குச் சுருக்கென்றது. எங்கே என்று கேட்டேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். தெருமுனை. இருமல். செம்பில். நீரோடு. ஜமீலா என்ற இடத்தில் விரல் நின்றது.

"பேரு மட்டும்தான் எம்பேரு. இது எங்க அக்கா. அத்தாவுக்கு நான் ஒரு நாளும் தண்ணி கொண்டு போயிக் குடுத்ததில்ல அண்ணே. இதுல நான் எங்க இருக்கேன்?"

அவளே தொடர்ந்தாள்.

"எனக்கு அப்பல்லாம் தமிழ் வாயிக்கத் தெரியாது. கல்யாணம் முடிஞ்சும் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அத்தாவப் பாக்க வருவேன். வந்ததும் 'அத்தா, என்னோடதப் படிங்க'ம்பேன். அவரு கண்ணாடியப் போட்டுக்கிட்டு இதுக்கு முன்னால நின்னு படிப்பாரு. ஒவ்வொரு தடவையும் வேற வேற இடம் படிப்பாரு. தமிழ்ல கொஞ்சம் எழுத்துலயே நெறய எழுதலாம் போலன்னு நெனச்சுக்கிட்டேன்." லேசாகச் சிரித்தாள். "அத்தா போனதுக்கு அப்புறம் படிச்சுக் காட்ட ஆளில்ல. அடுத்த வீட்டுல தூத்துக்குடிக்கார அக்கா ஒருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட மூணு மாசமா எழுத்துப் படிச்சேன். போன வாரம்தான் இதக் கூட்டிப் பாத்தேன். அத்தா படிச்சதுல ஒண்ணுகூட இதுல இல்ல."

"என்ன படிப்பார்?" என்று கேட்டேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மனப்பாடமாக வந்தது.

"'கணக்குப் பரீட்சையில் தோற்று வந்த நாளில், அழுத அத்தாவுக்கு ஆறுதல் சொன்னவள் ஜமீலா.' இது ஒண்ணு. 'மீன் வாங்கப் போனவள் மீன்காரியின் பிள்ளையைத் தூக்கி வந்தாள், மீனை மறந்து வந்தாள். அன்றைக்கு வெறுஞ்சோறு. வீடு நிறையச் சிரிப்பு.' இது ஒண்ணு. பின்னே, 'ஜமீலா இருந்த வீட்டில் கதவு சாத்தினது கிடையாது. தெருவில் போகிற காற்றையும் கூப்பிட்டு உட்கார வைப்பாள்.' இன்னும் ஒருபாடு உண்டு அண்ணே. நீங்க எழுதிக் குடுத்த தாளுல இருந்திருக்கும். அச்சுல விட்டுப் போயிருக்கும். அந்தத் தாளு இருக்கா? ஒரு தடவை பாத்தா மதி."

எனக்கு அவள் ஒரு வாசலைத் திறந்து வைத்திருந்தாள். இப்படிச் சமயங்களில் எப்படி முடிவெடுப்பது என்று யாரும் உங்களுக்குச் சொல்லித் தர மாட்டார்கள், அதனால் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். நான் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். பழைய தாள்களைப் புரட்டித் தேடுவது போல நடித்தேன். "ஆமாம்மா, விட்டுப் போச்சு, திருத்தி அடிச்சுத் தர்றேன்" என்றால் தீர்ந்தது. அவளுக்கும் சந்தோஷம், எனக்கும் மானம் தப்பும். ஆனால் கை தாள்களைப் புரட்டும்போது அந்த வரிகள் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தன. அழுத அத்தாவுக்கு ஆறுதல் சொன்னவள். வாழ்நாளில் அப்படி ஒரு வரி நான் எழுதினதில்லை. ஆமாம் என்று சொன்னால் அது என் வரி ஆகிவிடும். மிளகாய் மண்டியில் நின்று நெஞ்சு கெட்ட ஒரு மனுஷன் வாரா வாரம் யோசித்து எழுதியதை, அவர் மகளிடமிருந்தே நான் திருடினவன் ஆவேன். இழுப்பறையை மூடினேன்.

"தாள் இல்லம்மா. அதெல்லாம் நான் எழுதினது இல்ல. எனக்கு வேற வேலை இருந்துச்சு, உங்க அக்காவோடதையே பேரை மாத்தி அடிச்சுக் குடுத்துட்டேன். உங்க அத்தாவுக்கு அன்னைக்கே தெரியும். நீ கேட்டதெல்லாம் அவர் எழுதினது."

அவள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கண்ணாடிச் சட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப அத்தா... ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் யோசிச்சா வச்சிருந்தாரு?"

"ஆமாம்மா."

"ஆறு வருஷமா?"

"ஆமாம்மா."

அப்போதுதான் அந்த வியாழக்கிழமை எனக்குப் புரிந்தது. அவர் என்னைக் கிண்டல் செய்யவில்லை. மறுநாள் மகள் வருவாள், சொல்ல இன்னும் ஒன்றும் அகப்படவில்லை, தொழில் தெரிந்த ஆள் என்று நம்பி என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார். நானோ காத்திருப்பேன் என்று சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. அந்த வயதில் அதைவிடப் பெரிய அவமானம் எனக்கு எதுவும் நேர்ந்ததில்லை.

கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணின் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இவ்வளவுதான். உங்களுக்கு ஒரு வெள்ளிக்கிழமை வேண்டும். அன்றைக்கு வந்து நின்று "என்னோடதப் படிங்க" என்று கேட்க ஒரே ஒரு ஆள் வேண்டும். ஆயிரம் வாசகர் வேண்டியதில்லை. பாய்க்கு அந்த ஒரு ஆள் இருந்தாள், அதனால் இருமலோடும் தூசியோடும் அவருக்கு வாரம் தவறாமல் தோன்றியது. எனக்கு யாருமே இல்லை என்று நான் வருடக்கணக்காக வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். மூன்று முறை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தவரைத் திருப்பி அனுப்பியவனும் நான்தான். ஆட்கள் வருவார்கள். உங்கள் கதைக்குள் வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால், வாசலில் வருகிறவர்கள் தெரிய மாட்டார்கள். இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன், அதற்கான தண்டனை பெரும்பாலும் அந்த மாடி அறையிலேயே கழிந்தது.

அவளுக்குச் சாயா வாங்கி வரச் சொன்னேன். நினைவிருப்பதையெல்லாம் சொல், எழுதிக்கொள்கிறேன், புதிதாக அச்சடித்துத் தருகிறேன் என்றேன். அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சில இடத்தில் அவளுக்கு மறந்துபோயிருந்தது. நான் ஒரு சொல்லை எடுத்துக் கொடுத்தால், "இல்ல, அத்தா அப்படிச் சொல்லல" என்று தள்ளிவிடுவாள். அப்படி ஒரு கண்டிப்பான ஆசிரியர் எனக்கு எந்தப் பத்திரிகையிலும் வாய்த்ததில்லை. தெரியாத இடங்களை வெற்றிடமாகவே விட்டோம்.

முடிந்ததும் அவள் சட்டத்தைத் திரும்பத் துண்டில் சுற்றினாள். இதற்குள் புதிய தாளை வைத்துத் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். "அத்தா இதப் பாத்துக்கிட்டுத்தான் சொல்வாரு. இது இப்படியே இருக்கட்டும்." வாசல் வரை போனவள் நின்று திரும்பினாள்.

"அண்ணே, நீங்களும் ஒண்ணு சொல்லுங்களேன். என்னப் பத்தி."

எனக்கு அவளைப் பற்றி என்ன தெரியும்? இத்தனை வருடத்தில் ஒரு கேள்வி கேட்டதில்லை. அவளை அன்றைக்குத்தான் நேராகப் பார்த்திருந்தேன். அன்றைக்குப் பார்த்ததை மட்டும் வைத்து, நின்ற இடத்திலேயே நின்று, மெதுவாகச் சொன்னேன்.

"தகப்பன் குரல் நின்றுபோன வீட்டில், மூன்று மாதம் எழுத்துப் படித்தாள். இரு கையாலும் கண்ணாடியை அணைத்து, உடையாமல், நெரிசல் பஸ்ஸில் வந்தாள். தான் இல்லாத இடத்தில் விரலை வைத்துத் தன்னை எங்கே என்று கேட்டாள் ஜமீலா."

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் அப்படித்தான் கேட்டிருப்பாள் போலும்.

"அத்தா படிச்ச மாதிரி இல்ல," என்றாள்.

துண்டுக்குள் இருந்த சட்டத்தை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"ஆனா, நான்தான்."